சம்மனசு தோணியின் பலகைகள்

என் பெயர் சடையப்பன். வயது இருபத்துமூன்று. சொந்த ஊர் அரூர் பக்கம். இப்போது மணவாள நகரில், ஒரு மாவு மில்லுக்கு மேலே இருக்கிற அறையில் தங்கியிருக்கிறேன். நான் கும்மிடிப்பூண்டியில் அதே கம்பெனியில்தான் இருக்கிறேன் என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். இல்லை, இங்கே வந்து மூன்று வாரம் ஆகிறது. திலகா அக்கா, நீ முதலில் தனியாகப் படி. அம்மாவிடம் எதைச் சொல்வது, எதை விடுவது என்று நீயே பார்த்துக்கொள். உன்னிடம் நேரில் பேச வாய் வரவில்லை. அதனால் போனிடம் பேசுகிறேன், அது எழுதிக்கொள்கிறது.

முதலில் தப்பாகத் தெரிந்தது ஒரு சின்ன விஷயம்தான். காய வைத்த பலகை ஈரமாக வெளியே வந்தது.

எங்கள் கம்பெனியில் செய்வது பேலட். பெரிய மிஷின்களைக் கப்பலில் ஏற்றும்போது அடியில் வைக்கிற மரச் சட்டம். வெளிநாட்டுக்குப் போகிற மரத்தில் புழு பூச்சி இருக்கக் கூடாது என்பது சட்டம். அதனால் அறுத்த பலகைகளை சேம்பருக்குள் கூரை வரைக்கும் அடுக்கி, சூட்டுக் காற்றை ஓட விட்டு, மணிக்கணக்கில் வேக வைப்போம். சேம்பர் என்றால் ஒரு லாரி உள்ளே போகிற அளவுக்கு இரும்பு அறை. ஜன்னல் கிடையாது. தாழ்ப்பாள் வெளியே மட்டும்தான். சூடு ஏறி முடிந்து அதைத் திறந்தால், பிசின் உருகி மரம் வெந்த வாசனை ரொட்டிக் கடை வாசலில் நிற்கிற மாதிரி முகத்தில் அடிக்கும். எனக்கு அந்த வாசனை பிடிக்கும். அன்றைக்கு அது வரவில்லை. வற்றின ஏரிக்கரையில் வெயில் ஏறும்போது வருமே, நத்தையும் பாசியும் உப்பும் அழுகிக் கலந்த சேற்று வாடை, அது வந்தது. நெற்றியில் ஒரு சொட்டு விழுந்து உதடு வரைக்கும் இறங்கியது. உப்புக் கரித்தது.

ஈரம் பார்க்கிற மீட்டரின் ஊசிகளைப் பலகையில் குத்தினேன். உள்ளே போகும்போது முப்பது காட்டிய பலகை, வெளியே வரும்போது ஐம்பத்தைந்து காட்டியது.

சூப்பர்வைசர் துளசிராமன் மீட்டரை வாங்கித் தொடையில் இரண்டு தட்டுத் தட்டினார். "பேட்டரி பூட்ச்சி. இதுக்குப் போய் மூஞ்ச தொங்கப் போட்டுக்கினு நிக்கிற. மறுபடி ஏத்து போ."

அந்தப் பலகைகள் ராபின் அண்ணன் கொண்டுவந்தவை. அவருக்கு பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு ஊர். முப்பத்தைந்து வயது இருக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், ரூம் கிடைக்காமல் மரத்தூள் மூட்டைமேல் தூங்கிக்கொண்டிருந்தபோது, தன் வீட்டுக்குக் கூட்டிப்போய் மீன் குழம்பு போட்டவர் அவர்தான். எதிர்த் தெரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிற அவர் மனைவி ஹெலன் அண்ணி, தினமும் ஐந்து மணிக்கு எங்கள் கேட்டுக்கு வந்து, அவர் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து ஊருக்குப் போவார்கள். கோடையில் ஏரி வற்றியபோது, சேற்றில் புதைந்திருந்த ஒரு பழைய சரக்குத் தோணி முழுசாக மேலே தெரிந்ததாம். நல்ல தேக்கு, சும்மா கிடக்கிறது என்று ராபின் அண்ணன் முதலாளியிடம் சொல்லி, ஆள் வைத்துப் பிரித்து, டிராக்டரில் ஏற்றிக்கொண்டுவந்து இறக்கினார்.

சேம்பருக்குள் போய், பலகையில் ஓட்டை போட்டு, வெப்பம் பார்க்கிற ஊசியைச் செருகுவது அவர் வேலை. கதவைச் சாத்தி பர்னரைப் போடுவது என் வேலை. உள்ளே போகிறவர் செருப்பை வாசலில் விட்டுவிட்டுப் போக வேண்டும். பலகையில் மண் ஏறக் கூடாது என்று ஆரம்பித்த பழக்கம், போகப் போக அதுவே அடையாளமாகிவிட்டது. வாசலில் செருப்பு இருந்தால் உள்ளே ஆள். இல்லை என்றால் சாத்தலாம். அடுக்குக்குப் பின்னால் யார் இருந்தாலும் வாசலிலிருந்து தெரியாது என்பதால் யாரும் எட்டிப் பார்ப்பதும் இல்லை, குரல் கொடுப்பதும் இல்லை. செருப்பைப் பார்ப்போம். அவ்வளவுதான்.

இரண்டாவது முறை அந்தப் பலகைகளை ஏற்றிச் சூடு போட்டபோது, உள்ளேயிருந்து தட்டும் சத்தம் கேட்டது.

மரம் காயும்போது சத்தம் வரும். எனக்கும் தெரியும். பொட்டென்று ஒரு வெடிப்பு, அப்புறம் ஒன்றும் இருக்காது. இது அப்படி இல்லை. கையை மடக்கி, விரல் கணுவால் இல்லாமல், கையின் பக்கவாட்டால் குத்துகிற மாதிரி கனமான தட்டு. மூன்று. கொஞ்சம் இடைவெளி. அப்புறம் ஒன்று. ஃபேன் சத்தத்துக்கு அடியில், தரை வழியாக என் குதிகாலுக்குள் ஏறியது அது. ஓடிப்போய்த் தாழ்ப்பாளைத் தூக்கித் திறந்தேன். பலகை அடுக்கு. ஆவி. வேறு யாரும் இல்லை.

நடுவில் திறந்தால் சூடு இறங்கிவிடும். மறுபடி முதலிலிருந்து ஓட்ட வேண்டும். அரை நாள் போச்சு. அன்றைக்கு துளசிராமன் பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுவிட்டார். இரண்டு நாள் கழித்து மறுபடியும் மூன்று, அப்புறம் ஒன்று. மறுபடியும் திறந்தேன். மூன்றாவது தடவை, முதலாளி இரண்டு பேரைக் கூட்டிவந்து கம்பெனியைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தபோதே திறந்தேன். உள்ளே யாரும் இல்லை. வெள்ளைச் சட்டை போட்ட அந்த இரண்டு பேர்மேல் சேற்று ஆவி அடித்தது. ஒருவர் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டார்.

"இன்னாடா பேஜாரு இது உன்னாண்ட?" துளசிராமன் எல்லார் முன்னாலும் கத்தினார். "உங்க ஊர்ல மரமே கெடையாதா? மரம் வெடிச்சா பேயின்றான் இவன். இன்னொரு தபா கதவத் தெறந்த, கேட்டுக்கு அந்தாண்ட நேரா பஸ் ஏறிடு."

அன்றிலிருந்து என் பெயர் கதவு. "கதவு, டீ வந்துச்சா?" "கதவு, கக்கூஸ்ல எவனோ தட்றான், போய்த் தெற." ஆணி அடிக்கிறவர்கள், நான் தாண்டிப் போகும்போது சுத்தியலால் மூன்று தட்டுத் தட்டிவிட்டு, கொஞ்சம் விட்டு ஒன்று தட்டுவார்கள். நான் சிரித்தேன். அவர்களோடு சேர்ந்து என்னைப் பார்த்து நானே சிரித்தேன். ராத்திரி போர்வைக்குள் அதை நினைத்துக் காது சுட்டது.

ராபின் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. மறுநாள் மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, கை வைக்காமல் கேட்டார்.

"எத்தினி தட்டு?"

"மூணு. அப்புறம் செத்த நேரம் விட்டு ஒண்ணு."

"நல்லா நெனச்சி சொல்லு."

"மூணு, ஒண்ணுதாண்ணா. நீங்களுமா கிண்டல் பண்றீங்க?"

டப்பாவை மூடினார். சேம்பர் கதவையே பார்த்துக்கொண்டு, யாருக்கோ பதில் சொல்கிற மாதிரி மெதுவாகப் பேசினார்.

"அந்தத் தோணி பேரு சம்மனசு. தேவதூதன்னு அர்த்தம். அம்பதடி நீளம். கிளிஞ்சல், வெறகு, இன்னா ஏத்துனாலும் தாங்கும். ஏரிலேர்ந்து கால்வாயப் புடிச்சி மெட்ராஸ் வரைக்கும் போவும். எங்க தாத்தாதான் சுக்கான் புடிப்பாரு."

அறுபது வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி கடைசியில் ஒரு மத்தியானம், கிளிஞ்சல் ஏற்றிக்கொண்டு நடு ஏரியில் போகும்போது புயல் பிடித்துக்கொண்டது. கடல் அலை பெரியது, ஆனால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் மூச்சு விட நேரம் கொடுக்கும். ஏரி அலை சின்னது, கிட்டக் கிட்ட அடிக்கும், மூச்சே விட விடாது என்றார் ராபின் அண்ணன். சுமை தூக்குகிற கூலி ஆட்கள் நான்கு பேர் சரக்கு அறைக்குள் இறங்கித் தகர டின்னில் தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் மொள்வதைவிட மேலே இருந்து கொட்டுவது அதிகமாக இருந்தது. மேலே நின்ற இரண்டு பேரை அலை கொண்டுபோய்விட்டது.

"தாத்தா மூடு பலகையத் தூக்கி மேல போட்டு, கவுறு வச்சிக் கட்டிட்டாரு. தண்ணி உள்ள பூரக் கூடாதுன்னு. அவங்க உள்ள இருக்காங்க. தட்டுறாங்க. மூணு தட்டு தட்டினா 'தெற'ன்னு அர்த்தம், ஒரு தட்டுன்னா 'ஆள் கீறோம்'னு அர்த்தம். சரக்கு ஏத்தறவங்க பழக்கம் அது. இவரு தெறக்கல."

நானும் திரும்பி சேம்பர் கதவைப் பார்த்தேன்.

"தோணி மணல்திட்டுல ஏறிக் கவுந்துச்சி. இவரு மட்டும் துடுப்பக் கட்டிப் புடிச்சிக் கரைக்கு வந்துட்டாரு. 'அவனுங்க முன்னாடியே குதிச்சிட்டானுங்க'ன்னு சொன்னாரு. நாலு நாள் கழிச்சி தண்ணி வடிஞ்சிது. ஊரே போய்ப் பார்த்துச்சி. கவுறு வெளிலேர்ந்து கட்டிக் கீது. தாத்தா போடற முடிச்சு."

"உள்ள?"

"உள்ளதான் இருந்தாங்க."

எங்கோ ஒரு ரம்பம் ஓடி நின்றது.

"எங்க ஊட்டுக்கு ஊர்ல மூடினவன் ஊடுன்னு பேருடா, சடை. எம் பொண்ணு மூணாங்கிளாஸ் படிக்குது. அத இஸ்கோல்ல இன்னான்னு கூப்புடறானுங்கன்றே? அதான், அது எங்கியும் இருக்கக் கூடாதுன்னு அறுத்து, ஆணி அடிச்சி, கப்பல் ஏத்தி, ஊரு பேரு தெரியாத தேசத்துக்கு அனுப்பிடலாம்னு பார்த்தேன்." எழுந்து பேன்ட்டைத் தட்டிக்கொண்டார். "அடுத்த தபா நீ தெறக்காத. எதுக்குத் திட்டு வாங்கற? நான் பேசிக்கிறேன் அவங்களாண்ட."

"என்னண்ணா பேசுவீங்க?"

"இன்னா பேசறது? மன்னிப்புதான்."

தோணி மரத்தின் கடைசி லோடு நவம்பரில் ஏறியது. காலையிலிருந்தே கடல் பக்கம் வானம் தார் மாதிரி கிடந்தது. மத்தியானம் இரண்டு மணிக்கு லைட் போடுகிற இருட்டு. காற்று தகரக் கூரையைத் தூக்கித் தூக்கி அடித்தது. மழை நேராக விழாமல் படுக்கையாக வந்தது. கரண்ட் போய்விட்டது. சாயங்காலம் கண்டெய்னர் கிளம்ப வேண்டும். துளசிராமன் போனும் கையுமாக அங்கும் இங்கும் நடந்துகொண்டிருந்தார். பர்னருக்கு டீசல் கொண்டுவரச் சொன்னார். யார்டு முழுக்க முழங்கால் அளவு சேறு. இரண்டடி வைப்பதற்குள் என் செருப்பு வார் அறுந்துபோனது.

சேம்பர் வாசலில் ஒரு ஜோடி செருப்பு இருந்தது. நீல நிறம். வாரில் பழுப்பு நூலால் தைத்த தையல். ராபின் அண்ணனுடையது.

அவர் உள்ளே இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். ஊசி செருகுகிறார், வருவதற்கு நேரமாகும் என்று நினைத்தேன். இரண்டு நிமிஷத்தில் டீசலைக் கொண்டுவந்துவிட்டு அதே இடத்தில் விட்டுவிடலாம் என்று காலை நுழைத்துக்கொண்டு போனேன்.

டீசல் டிரம்மின் குழாய் இறுகிக் கிடந்தது. துணி சுற்றித் திருகினேன், திரும்பவில்லை. கல்லால் தட்டினேன். இரண்டு நிமிஷம் இருபது நிமிஷம் ஆகியிருக்கும். கேனைத் தூக்கிக்கொண்டு பாதி வழி வருவதற்குள் ஃபேன்கள் உறுமின.

"கரண்ட் வந்துடுச்சி! கதவு! டேய் கதவு! சாத்துடா, மறுபடி போறதுக்குள்ள!"

ஓடினேன். கதவுக்கு முன்னால் போய் நின்றேன். வாசலைப் பார்த்தேன். பார்க்காமல் இல்லை அக்கா. வழக்கப்படி குனிந்து பார்த்தேன். செருப்பு இல்லை.

சாத்தினேன். தாழ்ப்பாள் போட்டேன். பர்னரைப் போட்டேன்.

பத்து நிமிஷம் ஒன்றும் இல்லை. சூடு காட்டுகிற டப்பாவில் எண்கள் ஏறின. நாற்பது. நாற்பத்தைந்து. துளசிராமன் பத்தடி தள்ளி ஸ்டூலில் உட்கார்ந்து, கால்மேல் கால் போட்டு, டீயை ஊதிக்கொண்டிருந்தார்.

அப்போது தட்டியது.

மூன்று இல்லை. ஒன்று இல்லை. எண்ண முடியாமல், அடைமழை மாதிரி, இரண்டு கையாலும்.

நான் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. சத்தம் வெளியே வரக் கூடாது, வந்தால் சிரிப்பார்கள் என்றுதான் இருக்கும். தகடு என் முதுகுக்குள் அதிர்ந்தது. தோள்பட்டைக்கு நடுவில். அப்புறம் இடுப்பில். கீழே போய்க்கொண்டிருந்தது.

"சடை!"

ஃபேன் சத்தத்துக்குள். தூரத்தில். தண்ணீருக்கு அடியிலிருந்து கூப்பிடுகிற மாதிரி.

"சடை! டேய்!"

அவர்களுக்கு என் பெயரும் தெரிந்துவிட்டது. அப்படித்தான் நினைத்தேன். தோணியில் செத்தவர்களுக்கு என் பெயர் தெரிந்துவிட்டது. குரல் யாருடையது என்று ஒரு நிமிஷம் நின்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். என்னை சடை என்று கூப்பிடுகிறவர் அந்தக் கம்பெனியில் ஒரே ஒருவர்தான் மிச்சம்.

துளசிராமன் டீ டம்ளருக்கு மேலே என்னைப் பார்த்தார். சிரித்தார்.

"இன்னா கதவு? தெறக்கப் போறியா?"

"இல்லண்ணா."

"எதுனா கேக்குதா?"

"ஒண்ணும் கேக்கலண்ணா."

முதுகை இன்னும் அழுத்திக்கொண்டேன். கதவு உள்ளேயிருந்து தள்ளியது. நான் அதைவிட அழுத்தினேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது, அவ்வளவு சுலபமாக அழுத்த முடிந்தது. கால் வழுக்கவில்லை. மூச்சு வாங்கவில்லை.

அறுபது. அறுபத்தைந்து.

அப்புறம் மூன்று தட்டு. மெதுவாக.

அப்புறம் ஒன்று.

நின்றுவிட்டது.

ஐந்து மணிக்கு ஹெலன் அண்ணி குடையோடு வந்தார். சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகியிருந்தார். "இன்னா மழ தம்பி இது, ஏரியே எழுந்து வரா மாதிரி கீது. அண்ணனக் கூப்புடு, போலாம்."

"அண்ணன் உங்க கம்பெனிப் பக்கம் வரலையா அண்ணி?"

"இல்லியே."

அவர் குடையை உதறினார். தண்ணீர் என் கால்மேல் தெறித்தது. அண்ணி கீழே பார்த்தார். நிமிரவே இல்லை.

"இது அவரு செருப்பு."

காலைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"தம்பி, இது நான் தெச்ச வாரு. அவரு எங்க?"

தாழ்ப்பாளைத் தூக்கியதும் கதவு என்னைத் தள்ளிக்கொண்டு திறந்தது. தண்ணீர். இடுப்பளவு, ஒரே அடியாக. எழுபது டிகிரி சூடு காட்டிக்கொண்டிருந்த அறையிலிருந்து ஐஸ் மாதிரி குளிர்ந்த, கறுத்த, உப்புத் தண்ணீர். கிளிஞ்சல்கள் சலசலவென்று யார்டு முழுக்க ஓடின. ராபின் அண்ணன் கதவோரமாகக் குப்புறக் கிடந்தார். திருப்பிப் போட்டோம். உடம்பில் ஒரு சூட்டுக் காயம் இல்லை. வாயோரம் பச்சையாக ஏரிப் பாசி. கையில் ஜெபமாலை சுற்றியிருந்தது. கைவிரல் பத்திலும் நகம் இல்லை.

அண்ணி கத்தவில்லை. தன் முந்தானையால் அவர் வாயைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க உள்ளேயிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருந்தது.

சாக்கடை நிரம்பி மழைத் தண்ணீர் உள்ளே புகுந்துவிட்டது என்று போலீஸில் எழுதிக்கொண்டார்கள். கதவைச் சாத்தும்போது வாசலில் செருப்பு இல்லை என்று நான் சொன்னேன். அது பொய் இல்லை என்பதால் தடங்கல் இல்லாமல் சொன்னேன். ஏன் இல்லை என்று போலீஸ்காரர் கேட்கவில்லை. அண்ணியும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

கல்லறையில் மண் போட்ட பிறகு அவர் என்னிடம் வந்தார். மகளைக் கையில் பிடித்திருந்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் தம்பி. அவரு கூப்டாரா? ஒனக்குக் கேட்டுச்சா?"

"இல்ல அண்ணி. ஃபேன் சத்தம். ஒண்ணுமே கேக்கல."

அவர் என்னையே பார்த்தார். அப்புறம், "அப்போ சட்டுனு போயிருக்கும். ரொம்பக் கஷ்டப்பட்டிருக்க மாட்டாரு," என்றார். என் கையைப் பிடித்துத் தட்டிக்கொடுத்தார். எனக்கு ஆறுதல் சொன்னார் அக்கா. எனக்கு.

போலீஸிடம் சொல்லாதது இன்னும் ஒன்று இருக்கிறது. அன்றைக்கு ஆம்புலன்ஸ் போன பிறகு, கதவைச் சாத்திவிட்டு வரச் சொன்னார்கள். சாத்தினேன். அதன் வெளிப்பக்கத்தில் எப்போதும் மரத்தூள் மாவு மாதிரி படிந்திருக்கும். நடுவில் என் முதுகு சாய்ந்திருந்த இடம் மட்டும் தோள், இடுப்பு என்று ஆள் உருவமாக அழிந்திருந்தது. அந்த உருவத்தின் இரண்டு பக்கத்திலும், தலைக்கு மேலேயும், உள்ளங்கைத் தடங்கள். சாம்பல் நிற ஏரிச் சேறு, இன்னும் காயாமல். விரல்கள் மேலே பார்த்து, அகல விரித்து, முழுப் பலத்தோடு பதிந்திருந்தன. எட்டுக் கைகள். உள்ளே இருந்து திறக்கப் பார்த்த கைகள் இல்லை அவை. என் பக்கம் நின்று, என்னோடு சேர்ந்து சாத்திப் பிடித்திருந்த கைகள்.

நான் மூன்று முறை பழவேற்காடு பஸ் ஏறி, அவர்கள் தெரு முனை வரைக்கும் போய்த் திரும்பிவிட்டேன். இதைப் படிக்கிறவர் யாராக இருந்தாலும் சரி, தயவுசெய்து ஹெலன் அண்ணியைப் பார்த்துச் சொல்லுங்கள். அவர் கூப்பிட்டார். எனக்குக் கேட்டது.